மகீந்திரா ஜீப்பின் பின் டிஃப்பரன்ஷியலை வீட்டு வாசலிலேயே கழற்றிப் பார்க்க

கம்பம், போடிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் பின்னால் லேசாக ஊளைச் சத்தம் வந்தாலே "கிரவுன் பினியன் போச்சு, செட்டா மாத்திடு" என்று சொல்லிவிடுகிறார்கள். எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் டிஃப்பரன்ஷியல்; அதற்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம் கிரவுன், அதைச் சுற்றும் சின்னது பினியன். பல நேரம் போனது ஒரு பேரிங்காக இருக்கும், இல்லை வீல் பேரிங்காக இருக்கும், செட்டுக்குக் காசு கொடுத்த பிறகும் சத்தம் அப்படியே கேட்கும். திறந்து பார்ப்பது நாமே செய்யக்கூடிய வேலைதான், அரை நாள் ஒதுக்கினால் போதும். பினியன் ஆழம் வைத்து செட் பண்ணுவது மட்டும் வேறு வேலை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் சமதளத்தில் ஓட்டிக் கேளுங்கள். ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது மட்டும் சத்தம் என்றால் கிரவுன் பல்லின் டிரைவ் முகம், அதாவது வண்டியை முன்னே தள்ளும் புடைத்த பக்கம். காலை எடுத்ததும் வருகிறது என்றால் மறுமுகம், அல்லது பினியன் பேரிங் லூஸ். வளைவில் மட்டும் என்றால் உள்ளே இருக்கும் ஸ்டார் கியர் (வளைவில் இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் சின்னப் பல்சக்கரம்) அல்லது ஆக்சில் பேரிங். ரிவர்ஸ் போட்டதும் "டக்" என்றால் டிஃப்பரன்ஷியலைக் குறை சொல்வதற்கு முன் ப்ரொப்பல்லர் ஷாப்டின் (பின் ஆக்சிலுக்குச் சுழற்சி கொண்டுவரும் நீளத் தண்டு) மூட்டான கிராஸைக் கையால் ஆட்டிப் பாருங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடலாம்.

முன் சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை வைத்து, பின்னால் ஜாக்கியில் தூக்கி, ஆக்சில் குழாய்க்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது, செங்கல்லும் வேண்டாம். ஆயிலை வடிப்பதற்கு முன் ஊற்றும் பிளக் திறக்கிறதா என்று பாருங்கள். அது துருப்பிடித்து இறுகியிருந்தால், வடித்த பிறகு தெரிந்து என்ன பயன்.

பின் மூடியில் 10 போல்ட். கீழ் போல்ட்டுகளை லூஸ் செய்து, மேலே இரண்டை விட்டுவிட்டு, மூடியை நெம்பி ஆயிலை வடியுங்கள். வடிந்த ஆயிலை விரலில் எடுத்துத் தேயுங்கள். சாம்பல் நிறப் பசை மாதிரி இருந்தால் கவலை இல்லை, சிம்பு சிம்பாக இரும்பு வந்தால் பல்லோ பேரிங்கோ போகிறது. பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. குமுளி, கம்பம்மெட்டு தாண்டி எஸ்டேட் ரோட்டில் மழைக்காலத்தில் ஓடை இறங்கும் வண்டிக்கு இது சகஜம்: சூடான ஹவுசிங் (டிஃப்பரன்ஷியலின் வெளிக்கூடு) தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்குகிறது, காற்று போய்வரும் துளையான பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. பிரீதரைக் கழற்றி ஊதிப் பாருங்கள், செலவே இல்லாத ரிப்பேர் அது.

இனிதான் முக்கியமானது. எதையும் கழற்றாமல், இருக்கிற நிலையிலேயே அளங்கள். பினியனைப் பிடித்துக்கொண்டு, கிரவுன் பல்லில் டயல் கேஜ் வைத்து முன்னும் பின்னும் ஆட்டினால் பேக்லாஷ், அதாவது இரண்டின் பற்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி, தெரியும். இந்த வகை ஆக்சிலுக்கு சுமார் 0.13 முதல் 0.23 மில்லிமீட்டர், உங்கள் வண்டியின் மானுவலில் இருப்பதே கணக்கு. நாலு இடத்தில் பாருங்கள், இடத்துக்கு இடம் நன்றாக மாறினால் கிரவுன் வளைந்தோ சரியாக உட்காராமலோ இருக்கிறது. அப்புறம் நாலைந்து பல்லில் புரூஷியன் புளூ (தடம் காட்டும் நீலப் பசை) தடவி, ஒருவர் சக்கரத்தை லேசாகப் பிரேக் பிடிக்க, இன்னொருவர் பினியனைச் சுற்றட்டும். தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். நுனி விளிம்பில் விழுந்தால் பினியன் தள்ளி நிற்கிறது, அடியில் விழுந்தால் ரொம்ப உள்ளே நிற்கிறது. நம் ஊர் வண்டியில் உட்குழிந்த முகத்தை மறக்காமல் பாருங்கள். போடிமெட்டில் இரண்டாவது கியரில் எஞ்சின் பிரேக்கில் இறங்கும்போது சுமை முழுக்க அந்த முகத்தில்தான், பெரும்பாலானவர்கள் புடைத்த முகத்தை மட்டும் பார்த்துவிட்டு "பல்லு நல்லாருக்கு" என்று எழுந்துவிடுகிறார்கள்.

கழற்ற, பழைய டேப்பர் ஆக்சில் (முனை கூம்பாக இருப்பது) என்றால் ஹப் நட்டைத் திறந்து புல்லர் போட்டு ஹப்பை இழுங்கள், சுத்தியலால் ஆக்சில் முனையை அடிக்காதீர்கள். பேக் பிளேட்டுக்குப் பின்னால் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) இருந்தால் அந்தந்தப் பக்கத்துக்கே தனித்தனியாகக் கட்டி வையுங்கள். ஆக்சிலை முழுக்க வெளியே எடுக்க வேண்டாம், உள்முனை சைடு கியரை விட்டு விலகினால் போதும்.

கழற்றும் முன், பேரிங்கைப் பிடித்திருக்கும் தொப்பிகளில் இடதுக்கு ஒரு பஞ்ச் புள்ளி, வலதுக்கு இரண்டு வையுங்கள். அவை பக்கம் மாறக்கூடாது, தலைகீழாகவும் போகக்கூடாது, ஹவுசிங்கோடு சேர்த்துக் கடைந்தவை. தொப்பிகளை எடுத்து, இரண்டு லிவர் வைத்து இரண்டு பக்கமும் சமமாக நெம்பினால் கேரியர் (கிரவுனைத் தாங்கும் கூடு) வெளியே வரும். இறுக்கமாகத்தான் இருக்கும், வந்ததும் சட்டென்று கனக்கும், அடியில் விரல் வைக்காதீர்கள். பேரிங் கப்புகளையும் இடம் வலம் பிரித்து வையுங்கள்.

இதில் ஷிம் சைடு பேரிங் கோனுக்கு அடியில் இருக்கிறது. அதனால் பேரிங்கை இழுக்காத வரை, திரும்ப மாட்டும்போது பழைய பேக்லாஷே வந்துவிடும். ரோலரில் குழி, நீலம் பூத்த நிறம், கப்பில் தடம் இருக்கிறதா பாருங்கள். ஸ்டார் கியர்களின் குறுக்குத் தண்டு தேய்ந்து படி விழுந்திருந்தால் வளைவுச் சத்தத்துக்குக் காரணம் அதுதான். கடைசியாக, பினியன் பிளேஞ்சை (ப்ரொப்பல்லர் ஷாப்ட் மாட்டும் முனை) பிடித்து இழுத்துத் தள்ளுங்கள். ஆட்டமே இருக்கக்கூடாது.

ஆட்டம் இருந்தாலும் பினியன் நட்டை வீட்டில் திறக்காதீர்கள். பிரீலோடு (பேரிங்குக்குக் கொடுக்கும் இறுக்கம்), ஆழம் இரண்டும் ஷிம்மில்தான், அளக்கக் கருவி வேண்டும். பினியன் ஹவுசிங்கிலேயே இருப்பதால் கேரியர் மட்டும் போதாது, ஆக்சிலை முழுசாக எடுத்துக்கொண்டு விவரம் தெரிந்த கடைக்குப் போங்கள். செட் மாற்றத்தான் வேண்டும் என்றால் பல்லை எண்ணிக்கொண்டு போங்கள்: கிரவுனில் 43, பினியனில் 8 என்றால் விகிதம் 5.38, 39க்கு 8 என்றால் 4.88. கிரவுனும் பினியனும் ஒரே ஜோடி எண் போட்டதாக இருக்க வேண்டும். ஃபோர் வீல் வண்டியில் முன் ஆக்சில் விகிதமும் அதுவாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபோர் வீல் போட்டதும் டிரான்ஸ்பர் கேஸ் கெட்டுப்போகும்.

எல்லாம் சரி என்றால் மண்ணெண்ணெயில் கழுவி, புது கேஸ்கெட் போட்டு, தொப்பி போல்ட்டுகளை மானுவலில் உள்ள டார்க்கில் இறுக்கி, பேக்லாஷை இன்னொரு முறை அளந்து மூடுங்கள். பிரேக் பைப்பைக் கழற்றியிருந்தால் ஏர் எடுக்க வேண்டும். ஜிஎல்-5 தர 80டபிள்யூ-90 ஆயிலை ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை விட்டு, பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஹவுசிங்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் திரும்பத் திறக்க வேண்டியதுதான்.