கசீஸ் பாட்டிலை ஷோகேஸில் நிறுத்தாதீர்கள்

பிரான்ஸ் போய்வந்த யாரோ கொடுத்த கருஞ்சிவப்பு பாட்டில் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கிறதா, லேபிளில் கிரெம் த கசீஸ் (பிளாக் கரன்ட் பழத்தில் செய்யும் இனிப்பு மது, அதாவது லிக்கர்) என்று போட்டிருக்கிறதா, அதை ஏற்கெனவே திறந்தும் விட்டீர்களா? அப்படியானால் முதலில் எழுந்துபோய் அதை ஃப்ரிட்ஜில் வையுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் இது. எனக்குக் கிடைத்த முதல் பாட்டிலைத் திறந்து இரண்டு கிளாஸ் ஊற்றிவிட்டு, விஸ்கிக்கும் பிராந்திக்கும் நடுவில் நிறுத்தி, நல்ல சரக்கு, விசேஷத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒன்றரை வருடம் பத்திரமாக வைத்திருந்தேன். விசேஷமும் வந்தது. ஊற்றிப் பார்த்தால் அந்த ஊதா நிறத்தைக் காணோம், செங்கல் பொடியைக் கரைத்துவிட்ட மாதிரி ஒரு பழுப்பு. வாயில் வைத்தால் அடிப்பிடித்த ஜாம். வந்தவர்கள் மரியாதைக்காகக் குடித்து முடித்தார்கள், இரண்டாவது ரவுண்டு யாரும் கேட்கவில்லை.

காரணம் எளிது. விஸ்கி மாதிரி வாலையில் வடித்து மரப்பீப்பாயில் வருடக்கணக்கில் ஊறிய சரக்கு இல்லை இது. ஜூலை வாக்கில் பறிக்கும் பிளாக் கரன்ட் பழத்தை மணமற்ற சாராயத்தில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு, நிறமும் வாசனையும் இறங்கியதும் வடிகட்டி, சர்க்கரை சேர்த்தால் கசீஸ். அவ்வளவுதான். பழம் காற்றுப் பட்டால் என்ன ஆகுமோ அதுதான் இதற்கும் ஆகும், கொஞ்சம் மெதுவாக. திறக்காத பாட்டிலை வெளிச்சம் படாத இடத்தில் வைக்கலாம். திறந்துவிட்டால் ஃப்ரிட்ஜ்தான், அதிலும் மூன்று நான்கு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. வயதாக ஆக ருசி ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஐஸ்கிரீம் கடைப் பிளாக் கரன்ட்டைச் சாப்பிட்டுவிட்டு அது கருப்புத் திராட்சைதானே என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. திராட்சைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது குளிர்நாட்டுப் புதர்ச்செடியில் கொத்துக்கொத்தாகக் காய்க்கிற சின்னப் பழம், நல்ல புளிப்பு, பின்னால் ஒரு பச்சிலை வாசனை. நல்ல கசீஸில் அந்த இலை வாசனை இருக்கும். வெறும் இனிப்பும் சிவப்பும் மட்டும் இருந்தால் காசு வீண்.

பெயரில் கிரெம் என்று இருப்பதால் பால், கிரீம் எதுவும் கிடையாது. கெட்டியாக, இனிப்பாக இருக்கும் என்பதற்கு அந்த ஊர்ச் சொல். ஐரோப்பிய விதிப்படி மற்ற கிரெம் வகைகளுக்கு லிட்டருக்கு 250 கிராம் சர்க்கரை போதும், கசீஸுக்கு மட்டும் குறைந்தது 400 கிராம் வேண்டும். கிட்டத்தட்ட ஜீரா. பழத்தின் புளிப்பு அவ்வளவு சர்க்கரையையும் தாங்கிக்கொள்கிறது, அதனால் திகட்டுவதில்லை.

வாங்கும்போது லேபிளைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இதன் ஊர் பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில் உள்ள திழோன். 1841இல் ஓகுஸ்த் தெனி லகூட் என்பவர் அங்கே தயாரிக்கத் தொடங்கினார். லெஜே-லகூட் என்ற பெயரில் அந்த பாட்டிலை இன்றும் வாங்கலாம். ‘கசீஸ் த திழோன்’ என்று இருந்தால் திழோன் நகரில் தயாரித்தது என்று அர்த்தம், பழம் வேறு இடத்திலிருந்து வந்திருக்கலாம். ‘கசீஸ் த பூர்கோஞ்’ என்று இருந்தால் பழமே பர்கண்டியில் விளைந்தது. நுவார் த பூர்கோஞ் என்று அந்த மண்ணுக்கே உரிய ரகம் ஒன்று இருக்கிறது. பழம் சின்னது, வாசனை பெரிது. நான் இரண்டாவதைத்தான் தேடுவேன், கொஞ்சம் விலை கூடினாலும். அப்புறம் சின்ன பாட்டிலாக வாங்குங்கள். 35 சென்டிலிட்டரில் கிடைக்கிறது, வீட்டுக்கு அது தாராளம்.

லேபிளில் ஆல்கஹால் 15 சதவீதம், 16, 20 என்று எண்கள் மாறும். கிக் அதிகமா குறைவா என்று மட்டும் பார்க்காதீர்கள். ஒரே கம்பெனியில் எண் கூடினால் பெரும்பாலும் பழமும் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். இந்த எண்ணால் ஒரு பெரிய வழக்கே நடந்தது. பழ லிக்கர் என்றால் 25 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று சொல்லி, கசீஸை விற்க மேற்கு ஜெர்மனி அனுமதிக்கவில்லை. இறக்குமதி செய்ய வந்த ரெவே நிறுவனம் கோர்ட்டுக்குப் போனது. ஐரோப்பியச் சமூகத்தின் ஒரு நாட்டில் சட்டப்படி விற்கிற பொருளைத் தக்க காரணம் இல்லாமல் இன்னொரு உறுப்பு நாடு தடுக்க முடியாது என்று 1979இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் படிப்பவர்கள் இன்றைக்கும் ‘கசீஸ் த திழோன்’ வழக்கை மனப்பாடம் செய்கிறார்கள், அதில் எத்தனை பேர் ஒரு வாய் குடித்துப் பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

சரி, குடிக்கும் விஷயத்துக்கு வருவோம். ராவாக அடிக்கலாமா? ஒரு விரல்கடை அளவு, நன்றாகக் குளிரவைத்து, சாப்பாட்டுக்குப் பிறகு, சரி. அதற்கு மேல் போனால் நாக்கு ஒட்டும். இது கலந்து குடிப்பதற்கென்றே பிறந்தது, கலவைகளில் முதல் இடம் கீர்.

நம் ஊர் கேரட் கீர் இல்லை, இது பெலிக்ஸ் கீர். திழோனின் மேயர், கத்தோலிக்கப் பாதிரியார். 1945 முதல் 1968இல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். நகராட்சிக்கு வரும் விருந்தாளிகளுக்கெல்லாம் ஒயிட் ஒயினில் கசீஸ் கலந்து கொடுத்துக்கொண்டே இருந்தார். அதுவரை வெறும் ‘பிளான் கசீஸ்’ என்று இருந்த பானத்துக்கு அவர் பெயரே ஒட்டிக்கொண்டது.

செய்முறை: ஒயின் கிளாஸ், ஒயின், கசீஸ் மூன்றும் குளிர்ந்திருக்க வேண்டும், ஐஸ் போடக்கூடாது. முதலில் கசீஸ், மூன்று டீஸ்பூன். அது கிளாஸின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். இப்போது ஒயினை, சுமார் 90 மில்லி, ஓரமாகச் சாய்த்து ஊற்றுங்கள். அடியில் இருந்த கருப்பு மெல்லக் கிளம்பி, சுருள் சுருளாக மேலே ஏறி, ஊற்றி முடிப்பதற்குள் கிளாஸ் முழுக்க ரோஜா நிறமாகிவிடும். ஸ்பூனே தேவையில்லை. மாற்றி ஊற்றினால், அதாவது ஒயின் முதலில் கசீஸ் பிறகு என்றால், கசீஸ் கனத்தில் நேராக அடிக்குப் போய்த் தங்கிவிடும். முதல் வாய் வெறும் ஒயின், கடைசி வாய் வெறும் பாகு.

அளவில் சண்டை ஓயாது. பழைய திழோன் கணக்கு மூன்றில் ஒரு பங்கு கசீஸ், பார்களில் இப்போது பத்தில் ஒன்று. என் மூன்று டீஸ்பூன் நடுவாந்தரம். உங்கள் ஒயினின் புளிப்பைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். ஒயின் என்றால் அங்கே அலிகொத்தே, நல்ல புளிப்புள்ள பர்கண்டி ஒயிட் ஒயின். அது கிடைக்காவிட்டால் இனிப்பில்லாத, மரவாசனை இல்லாத எந்த ஒயிட் ஒயினும் சரிதான். விலை உயர்ந்த ஒயினை இதில் ஊற்றுவது பாவம், இனிப்பு ஒயினை ஊற்றுவது தண்டனை. இன்னொன்று, கசீஸ் சேர்த்தால் ஒயின் லேசாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான ஒயினைவிட கசீஸில்தான் ஆல்கஹால் அதிகம். இனிப்பு அதை மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான். வண்டிச் சாவியை முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.

ஒயினுக்குப் பதில் ஷாம்பெய்னோ, அதைவிட மலிவாக பர்கண்டியின் நுரைக்கும் ஒயினான கிரெமானோ ஊற்றினால் கீர் ருவாயால். இதில் கசீஸ் இரண்டு டீஸ்பூன் போதும், மேலே ஊற்றுவதை இரண்டு தவணையாக ஊற்றுங்கள், இல்லாவிட்டால் நுரை பொங்கி மேஜைத் துணிக்குப் போய்விடும். அந்தக் கறை போகாது. ரெட் ஒயினில் கலந்தால் கொம்யுனார், ஆப்பிள் சைடரில் (ஆப்பிள் மது) கலந்தால் கீர் நொர்மாந். வெயில் நாளில் எனக்குப் பிடித்தது வெர்மூத் கசீஸ்: ட்ரை வெர்மூத் (மூலிகை சேர்த்த இனிப்பில்லாத ஒயின்), அதில் பாதிக்கும் குறைவாகக் கசீஸ், கிளாஸ் நிறைய ஐஸ், சோடா. மதுவே வேண்டாம் என்பவர்களுக்கு அங்கே சிரோ த கசீஸ் என்று பழ சர்பத் விற்கிறார்கள், தண்ணீரில் கலந்தால் போதும்.

அங்கே போய்க் கேட்கும்போது கடைசி ‘ஸ்’ஸை விழுங்காதீர்கள். கசீஸ் என்றால் பழமும் லிக்கரும். ‘கசி’ என்றால் மார்செய் பக்கத்தில் இருக்கும் கடற்கரை ஊர், எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். அந்த ஊரில் ஒயிட் ஒயினும் விளைகிறது, எனவே குழப்பத்துக்கு எல்லா வாய்ப்பும் உண்டு.

பாட்டிலின் அடியில் இரண்டு மூன்று ஸ்பூன் எப்போதும் மிஞ்சும். வாத்து வறுத்த சட்டியில் அதை ஊற்றி, ஒட்டியிருப்பதைச் சுரண்டி ஒரு கொதி விட்டால் சாஸ் ஆயிற்று. அதற்குப் பொறுமை இல்லாவிட்டால் வெனிலா ஐஸ்கிரீம் மேலே ஊற்றி, ஊதா வெள்ளையில் இறங்கி முடிப்பதற்குள் சாப்பிட்டுவிடுங்கள். என் வீட்டில் பாட்டில் காலியாவது பெரும்பாலும் அப்படித்தான்.