பெல் கிராண்ட் வாங்கினாலும் கல்வி வரிச்சலுகை உண்டு

அமெரிக்காவில் கல்லூரிக் கட்டணம் 6,000 டாலர், பெல் கிராண்ட்டும் (வசதி குறைந்த மாணவர்களுக்கு மத்திய அரசு தரும், திருப்பிக் கட்ட வேண்டாத உதவித்தொகை) 6,000 டாலர் என்றால், வரிச்சலுகை கிடைக்காது என்று விட்டுவிடாதீர்கள். கிராண்ட்டில் 4,000 டாலர் வாடகை, சாப்பாட்டுக்குப் போனதாக வைத்து, அதை மாணவரின் வருமானமாகக் காட்டலாம். அப்போது கட்டணத்தில் 4,000 டாலர், கிராண்ட் இல்லாமல் கைக்காசில் கட்டியதாகக் கணக்காகும். குடும்ப வருமானம் வரம்புக்குள் இருந்தால் கல்வி வரிச்சலுகைக்கான ஃபார்ம் 8863 வழியாக, கட்ட வேண்டிய வரியில் கழியும் அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி கிரெடிட் 2,500 டாலர் வரை கிடைக்கும். மாணவருக்கு வேறு வருமானம் இல்லையென்றால் அந்த 4,000-க்கு மத்திய வரி வராது.

வாழ்க்கைச் செலவு உண்மையிலேயே அவ்வளவு ஆகியிருக்க வேண்டும். கட்டணத்துக்கு மட்டும் என்று நிபந்தனையுள்ள உதவித்தொகைக்கு இது செல்லாது.

பலர், கல்லூரி அனுப்பும் 1098-டி படிவத்தின் 1-ஆம் கட்டத்தில் உள்ள கட்டணத்திலிருந்து 5-ஆம் கட்டத்தில் உள்ள உதவித்தொகையைக் கழித்ததோடு நின்றுவிடுகிறார்கள். வெளிக்கடையில் வாங்கிய பாடப்புத்தகம் அதில் இருக்காது. ரசீதை வைத்து நீங்களே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்விக் கடனில் கட்டிய கட்டணமும் சேரும்.