மஸ்டாங் இறக்கை உடலோடு ஒட்டாத கதை

டர்பன், சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டு மேசையில் எஃப்-51டி மஸ்டாங் போர் விமானத்தின் 1/48 அளவு மாதிரி, பாகங்களை ஒட்டிச் செய்யும் கிட். அசல் விமானம் கொரியப் போரில் தென்னாப்பிரிக்க விமானப்படையின் 2-ஆம் ஸ்குவாட்ரன் பறக்கவிட்டது. உடலின் இரு பாதிகளும் சுத்தமாக மூடின. இறக்கையை வைத்தால் மட்டும் இரண்டு பக்க வேரிலும், அதாவது இறக்கை உடலோடு சேரும் இடத்தில், ஒரு மில்லிமீட்டர் இடைவெளி.

கிட்டின் அளவே தப்போ என்று சந்தேகம். அசல் விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 11.28 மீட்டர், 48-ஆல் வகுத்தால் 235 மி.மீ. அளந்தேன், சரியாகவே இருந்தது. வேரை உப்புத்தாளால் தேய்த்தேன், இடைவெளி இன்னும் கூடியது. இடைவெளி நிரப்பும் பசையான புட்டியை அடைத்தேன், காய்ந்ததும் சுருங்கிக் கோடு விழுந்தது. நான்கு நாள் இப்படியே போனது.

கடைசியில் பூஜை அறைக் குங்குமத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, இறக்கையின் நடுப்பகுதி மேல் மெல்லப் பூசி, பசையில்லாமல் பொருத்தி அழுத்தி எடுத்தேன். காக்பிட் (விமானி அறை) தளத்தின் அடியில் ஒரே ஒரு சிவப்புப் பொட்டு! அச்சிலிருந்து பாகத்தைத் தள்ளும் ஊசி விட்டுப்போன சின்னக் குமிழ் அது. வெளியே தெரியாத இடம், குறிப்புத்தாளிலும் இல்லை. பிளேடால் சீவி, அரத்தால் இரண்டு இழுப்பு. இறக்கை 'டக்' என்று உட்கார்ந்தது. பெரிய நிம்மதி.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அசல் மஸ்டாங்கில் இறக்கையின் முன்பகுதியைக் காற்று வழுக்கிப் போக ஆலையிலேயே புட்டி அடைத்து வழவழப்பாக்கினார்கள். இந்தக் கிட்டிலோ அங்கே வரிசை வரிசையாக ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) தடங்கள். மிச்சப் புட்டி அதற்குப் போனது.