ஆஃப்சைடா, இல்லையா? கோப்பிக்கடை மேசையில் உருப்படியாக வாதாடும் வழி

2023 செப்டம்பர் 30, சனிக்கிழமை. டோட்டன்ஹாம், லிவர்பூல் காற்பந்து ஆட்டம் சிங்கப்பூரில் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரைக்கு. புளோக்குக்குப் பக்கத்துக் கோப்பிக்கடையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் கோல் போட்டார், ஆஃப்சைட் என்று கொடி உயர்ந்தது, கோல் இல்லை என்றார்கள். அதற்கப்புறம் எங்கள் மேசையில் இரண்டு அண்ணன்மார் ஆரம்பித்த சண்டை, அவர்கள் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாமல் தீபாவளி வரை நீண்டது. இத்தனைக்கும் இரண்டு பேருமே லிவர்பூல்காரர்கள், இரண்டு பேருமே அது கோல்தான் என்று சொன்னவர்கள். ஒருவர் டியாஸ் எங்கே நின்றார் என்று பேசிக்கொண்டிருந்தார், மற்றவர் நடுவர்கள் நேர்மையானவர்களா என்று பேசிக்கொண்டிருந்தார். இரண்டும் வேறு வேறு கேள்வி என்பது அன்றைக்கு யாருக்கும் உறைக்கவில்லை.

ஆஃப்சைட் பற்றி வாயைத் திறக்கும் முன் நான் இப்போது முதலில் கேட்பது இதைத்தான்: நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம்? ஆட்டக்காரர் நின்ற இடமா, அங்கே நின்று அவர் செய்த காரியமா, இல்லை நடுவர்கள் முடிவெடுத்த விதமா? இடம் என்பது அளந்து பார்க்கக்கூடியது. காரியம் என்பது பார்ப்பவரின் தீர்ப்பு. முடிவெடுத்த விதத்துக்குத் தனி நடைமுறை இருக்கிறது. இந்த மூன்றையும் போட்டுக் குழப்பினால் விடிய விடியப் பேசினாலும் முடியாது.

இடத்தை முதலில் பார்ப்போம், மேசையிலேயே காட்டலாம். மேசை விளிம்பு கோல் கோடு. சில்லி சாஸ் போத்தல் கோல்காப்பாளர், தே தாரிக் கோப்பை தற்காப்பு ஆட்டக்காரர், டிஷ்யூ பாக்கெட் தாக்குதல் ஆட்டக்காரர், கரண்டி பாஸ் கொடுப்பவர். கரண்டி பந்தைத் தொடும் அந்தக் கணத்தில் டிஷ்யூ பாக்கெட் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி, பந்து வந்து சேரும்போது எங்கே இருக்கிறது என்பதல்ல. பாதிச் சண்டைகள் இங்கேயே தீர்ந்துவிடும், ஏனென்றால் டிவியில் நாம் நிறுத்திப் பார்ப்பது பெரும்பாலும் பந்து காலுக்கு வந்த பிறகான காட்சி. எதிரணிப் பாதியில் இருந்து, பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி நின்றால்தான் ஆஃப்சைட் இடம். சமமாக நின்றால் ஆஃப்சைட் இல்லை, 1990 முதல் விதி அப்படி. கையும் தோளுக்குக் கீழான புஜமும் கணக்கில் இல்லை, அக்குளின் அடிமட்டம்தான் எல்லை. தலை, உடல், கால் இவை மட்டும். கோல் கிக், துரோ, கார்னர் மூன்றிலிருந்தும் நேரடியாகப் பந்து வந்தால் ஆஃப்சைட் என்ற பேச்சே இல்லை.

"கடைசி தற்காப்பு ஆட்டக்காரர்" என்று சொல்லும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், நம்மைத் தவறான இடத்துக்கு இழுத்துப் போவது அந்தச் சொல்தான். விதி சொல்வது கடைசிக்கு முந்தைய ஆள். வழக்கமாகக் கடைசி ஆள் கோல்காப்பாளர், அதனால் நாம் அவரைக் கணக்கில் எடுப்பதே இல்லை. 2022 உலகக் கிண்ணத் தொடக்க ஆட்டத்தில் மூன்றாவது நிமிடமே எக்குவடோரின் என்னர் வலென்சியா தலையால் தள்ளிய கோல் ரத்தானது, எங்கள் மேசையில் எல்லாரும் வாயைப் பிளந்தோம். கத்தார் கோல்காப்பாளர் பந்துக்காக வெளியே ஓடி வந்துவிட்டார், அதனால் கோல் பக்கம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு கத்தார் ஆட்டக்காரர். அவர்தான் கடைசி ஆள். கடைசிக்கு முந்தைய ஆளைத் தாண்டி எக்குவடோரின் எஸ்த்ராடாவின் கால் நீண்டிருந்தது. முடிவு சரி. ஆனால் சாஸ் போத்தலை முன்னால் நகர்த்திக் காட்டும் வரை யாருக்கும் அது புரியவில்லை.

இடம் முடிந்ததா, இனிதான் கஷ்டமான பகுதி. ஆஃப்சைட் இடத்தில் நிற்பது குற்றமே இல்லை. அங்கிருந்து ஆட்டத்தில் தலையிட்டால்தான் குற்றம். பந்தைத் தொடுவது, எதிராளியின் பார்வையை மறைப்பது, அவரோடு பந்துக்கு மோதுவது, அவர் ஆடுவதைப் பாதிக்கும்படி வெளிப்படையாக ஏதாவது செய்வது, கம்பத்திலோ கோல்காப்பாளர் கையிலோ பட்டுத் திரும்பிய பந்தை ஆடுவது, இவைதான் தலையீடு. 2023 ஜனவரியில் யுனைடெட்டும் சிட்டியும் மோதிய மான்செஸ்டர் டெர்பியை எடுத்துக்கொள்ளுங்கள். யுனைடெட்டின் ரேஷ்போர்டு தெளிவாக ஆஃப்சைட் இடத்தில் இருந்தார், பந்தின் பின்னாலேயே ஓடினார், ஆனால் தொடவில்லை. புரூனோ பெர்னாண்டஸ் வந்து அடித்தார். முதலில் கொடி உயர்ந்தது, பிறகு நடுவர் கோல் கொடுத்தார், யுனைடெட் 2-1 என்று வென்றது. நான் யுனைடெட் ஆதரவாளன், இருந்தாலும் சொல்கிறேன்: ரேஷ்போர்டு அங்கே ஓடாமல் இருந்திருந்தால் சிட்டியின் தற்காப்பும் கோல்காப்பாளரும் வேறு மாதிரி ஆடியிருப்பார்கள், அது தலையீடுதான். ஆனால் இது என் தீர்ப்பு. "விதியே தெரியாதவர் நீங்கள்" என்று எதிரே இருப்பவரைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, விதியின் வார்த்தைகளைக் கையில் வைத்துக்கொண்டே அவர் எதிர்ப்பக்கம் போகலாம்.

எதிரணி ஆட்டக்காரர் பந்தைத் தொட்டுவிட்டால் ஆஃப்சைட் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். அரை உண்மை. அவர் வேண்டுமென்றே ஆடியிருந்தால்தான் போகும், பந்து சும்மா பட்டுத் தெறித்தால் போகாது. 2021 அக்டோபரில் நேஷன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினின் எரிக் கார்சியா சறுக்கிக் கால் நீட்டியதில் பந்து உரசிக்கொண்டு ஆஃப்சைட் இடத்தில் இருந்த பிரான்சின் எம்பாப்பேயிடம் போனது, கார்சியா வேண்டுமென்றே ஆடியதாகக் கொண்டு கோல் கொடுத்தார்கள், பிரான்ஸ் அந்த கோலால் 2-1 என்று வென்றது. உலகமே கொதித்தது. அடுத்த ஆண்டே விதியை எழுதும் அமைப்பு விளக்கம் கொடுத்தது: ஆடியவருக்குப் பந்தைக் கட்டுப்படுத்தவோ, பாஸ் கொடுக்கவோ, வெளியேற்றவோ வாய்ப்பு இருந்ததா என்று பார்க்க வேண்டும், எட்டிப் பிடிக்கும் அவசரத்தில் பட்டது வேறு. ஆக, பழைய ஆட்டத்தை எடுத்துப் பேசும்போது அந்த ஆண்டில் விதி எப்படி இருந்தது என்றும் கேளுங்கள்.

சரி, வி.ஏ.ஆர்.க்கு, அதாவது திரையில் பார்த்துச் சரிபார்க்கும் காணொளி உதவி நடுவருக்கு வருவோம். அது எல்லாவற்றிலும் தலையிடாது. கோலா இல்லையா, பெனால்டி, நேரடி சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம், 2023-இல் இந்த நான்குக்கு மட்டும்தான். அதிலும் தெளிவான, பளிச்சென்று தெரியும் தவறு இருந்தால்தான் மாற்றுவார்கள், ஆனால் ஆஃப்சைட் இடம் என்பது அளவு விஷயம் என்பதால் அதற்கு இந்த நிபந்தனை கிடையாது, ஒரு கால்விரல் நுனி தாண்டினாலும் ஆஃப்சைட்தான். பெனால்டிக்கு ஒரு நியாயம், ஆஃப்சைடுக்கு ஒரு நியாயமா என்று மாமாக்கள் கோபப்படுவது இதைச் சொல்லாததால்தான்.

அந்த லிவர்பூல் இரவுக்குத் திரும்பினால், டியாஸ் ஆஃப்சைட் இல்லை. வி.ஏ.ஆர். திரை முன்னால் இருந்தவர்கள் அதைச் சரியாகத்தான் கண்டுபிடித்தார்கள். ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து "சரிபார்த்தாயிற்று" என்று சொல்லிவிட்டார்கள், மைதானத்தில் கொடுத்திருந்தது ஆஃப்சைட். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது, தொடங்கிய பிறகு திரும்பிப் போக விதி இடம் தரவில்லை. ஒலிப்பதிவையே பிறகு வெளியிட்டார்கள், பெரிய மனிதத் தவறு என்று ஒத்துக்கொண்டார்கள். இடம் சரி, விதி சரி, தகவல் சொன்ன விதம்தான் பிழை. எங்கள் இரண்டு அண்ணன்மாரும் இதைத் தெரிந்துகொண்டிருந்தால் அன்றைக்கே ஆளுக்கொரு கோப்பி ஓ குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

மில்லிமீட்டர் சண்டைக்கு ஒரு கணக்கு கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். கேமரா வினாடிக்கு 50 படம் எடுத்தால் இரண்டு படத்துக்கு நடுவே 0.02 வினாடி. வினாடிக்கு 8 மீட்டர் ஓடுபவர் அதற்குள் 16 செண்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். பந்து காலைத் தொட்ட படம் எது என்பதிலேயே அவ்வளவு இடைவெளி இருக்கும்போது கோடு போட்டு இரண்டு செண்டிமீட்டர் என்று அடித்துச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. 2022 கத்தார் உலகக் கிண்ணத்தில் பந்துக்குள்ளேயே உணர்கருவி வைத்து வினாடிக்கு 500 முறை அளந்தார்கள், அங்கே இந்த வாதம் எடுபடாது. எந்தப் போட்டி, என்ன கருவி என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

நடுவரைத் திருடன் என்று சொல்லாதீர்கள், ஆதாரம் இல்லாமல் சொல்லவே சொல்லாதீர்கள். நம்மூர் கோவிந்தசாமி சுப்பையா 1974 உலகக் கிண்ணத்தில் போலந்து, ஹைட்டி ஆட்டத்தை நடத்தியவர். 2006 உலகக் கிண்ணத்தில் ஷம்சுல் மைதின் நடுவராக இருந்தார். இந்தச் சின்னத் தீவிலிருந்து அந்த இடத்துக்குப் போக எத்தனை வருடம், எத்தனை வெயில், எத்தனை ஏச்சு வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் அந்த வார்த்தை வாயில் வராது. "முடிவு தவறு" என்று சொல்லுங்கள், போதும். எங்கே தவறு என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பெரியவர்களோடு பேசும்போது நான் "நீங்க சொல்றது தப்பு" என்று தொடங்குவதில்லை. "மாமா, பாஸ் குடுக்கிறப்ப எங்க நிக்கிறான்னு ஒருக்கா பார்ப்போமா?" என்று போத்தலையும் கோப்பையையும் நகர்த்தி வைப்பேன். அவரே கையை நீட்டி டிஷ்யூ பாக்கெட்டைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, "இல்ல தம்பி, இவன் இங்க நின்னான்" என்பார். அப்புறம் நாங்கள் பேசுவதெல்லாம் அந்த இரண்டு அங்குலத்தைப் பற்றி மட்டும்தான்.