ரெண்டு சர்வர் இருந்தும் ஒண்ண நிறுத்த பயமா?

முன்னாடி லோட பிரிச்சு அனுப்பற ஹெச்ஏபிராக்ஸி, பின்னாடி ஜாவா ஆப் ஓட்டற டாம்கேட் சர்வர் ரெண்டு, நிறைய ஆபீஸ்ல இதான் செட்டப். ரெண்டு இருக்கேன்னு நிம்மதியா தூங்கிடாதீங்க, ஒவ்வொண்ணும் சிபியு 70 சதவீதத்துல ஓடுதுன்னா ஒண்ணு விழுந்ததும் மொத்த லோடும் இன்னொண்ணு தலையில ஏறி அதுவும் படுத்துரும், அதனால பீக் டைம்லயும் 50க்கு கீழ வைங்க, முடியலன்னா மூணாவது ஒண்ணு போடுங்க.

சர்வர் உயிரோட இருக்கான்னு ஹெச்ஏபிராக்ஸி பாக்கற ஹெல்த் செக், சும்மா போர்ட் திறந்திருக்கான்னு மட்டும் பாத்தா பத்தாது. ரிக்வெஸ்ட்ட கவனிக்கற த்ரெட் எல்லாம் மாட்டிக்கிட்டு டாம்கேட் தொங்குனாலும் போர்ட் திறந்தேதான் கெடக்கும்! தனியா ஒரு யூஆர்எல் வச்சு ஹெச்டிடிபி செக் போடுங்க. டிஃபால்ட்டா 2 செகண்டுக்கு ஒருவாட்டி பாக்கும், தொடர்ந்து 3 தடவ ஃபெயில் ஆனாதான் சர்வர ஒதுக்கும். அந்த யூஆர்எல்ல டேட்டாபேஸயும் செக் பண்ணாதீங்க, டிபி கொஞ்சம் தடுமாறினா ரெண்டு சர்வரையும் சேத்து வெளிய தள்ளிரும், அப்புறம் உள்ளதும் போச்சு.

பேட்ச் போடணும்னா நேரா ஸ்டாப் அடிக்காதீங்க. மொதல்ல ஹெச்ஏபிராக்ஸில அந்த சர்வர டிரெயின் (drain) நிலைக்கு மாத்துங்க, புது யூசர் வரமாட்டாங்க, ஆனா குக்கீயால ஏற்கனவே அந்த சர்வரோட ஒட்டிக்கிட்டவங்க வந்துட்டேதான் இருப்பாங்க, செஷன் எண்ணிக்கை குறையற வரைக்கும் பொறுமையா இருந்துட்டு மெயின்ட் (maint, யாரையும் அனுப்பாத நிலை) போடுங்க, பேட்ச், ரீஸ்டார்ட், லாக் பாத்துட்டு மறுபடி ரெடி (ready) நிலைக்கு மாத்துங்க. அது ஒழுங்கா ஓடுதுன்னு தெரிஞ்சப்புறம்தான் அடுத்தத தொடணும்.

செஷன் குறையற வரைக்கும் காத்திருக்க முடியலன்னா செஷன் ரெப்ளிகேஷன் வேணும், அதாவது ஒரு சர்வர்ல இருக்கற செஷன இன்னொண்ணுலயும் காப்பி வைக்கறது. அதுக்கு டாம்கேட்லயே டெல்டா மேனேஜர் இருக்கு, ஆனா செஷன்ல வைக்கற ஆப்ஜெக்ட் எல்லாம் சீரியலைசபிளா, அதாவது பைட்டா மாத்தி அனுப்பற மாதிரி இருக்கணும், டெவலப்பர்கிட்ட கேட்டா முறைப்பாங்க.