உறுப்பினர் அல்லாதோரின் மடல்களும் என் அவசர முடிவும்

எங்கள் பழைய மாணவர் மின்னஞ்சல் குழு மெயில்மேன் 2.1 மென்பொருளில் இயங்கியது. உறுப்பினர் அல்லாதோர் எழுதும் மடல்களை அது இயல்பாகவே நிறுத்திவைத்து, நிர்வாகியின் ஒப்புதலைக் கேட்கும். அன்றாடம் குவிந்த குப்பை மடல்களால் சலிப்புற்ற நான், தனியுரிமைப் பிரிவில் உள்ள அனுப்புநர் வடிகட்டியில் ‘டிஸ்கார்ட்’ (அனுப்பியவருக்குத் தெரிவிக்காமல் நீக்குதல்) என்பதைத் தேர்ந்தெடுத்ததோடு, நீக்கப்படும் மடல்களின் நகலை நிர்வாகிக்கு அனுப்பும் வசதியையும் அணைத்துவிட்டேன்.

இரண்டு வாரம் நிம்மதியாகக் கழிந்தது. பின்னர் ஒரு நண்பர், தாம் மூன்று முறை எழுதியும் ஒருவரும் பதிலளிக்கவில்லை என்று தொலைபேசியில் வருத்தப்பட்டார். அவர் பதிவு செய்திருந்தது அலுவலக முகவரி. எழுதியதோ கைப்பேசியிலிருந்த சொந்த முகவரியில். மென்பொருளின் கண்ணுக்கு அவர் அந்நியர்.

‘ரிஜெக்ட்’ (அனுப்பியவருக்குத் தெரிவித்து மறுத்தல்) என மாற்றலாமா என்று யோசித்தேன். ஆனால் குப்பை மடல்களில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலியானது என்பதால், மறுப்புக் கடிதம் சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவருக்குப் போய்ச் சேரும். ஆகவே ஒப்புதலுக்காக நிறுத்திவைக்கும் ‘ஹோல்ட்’ நிலைக்கே திரும்பி, நண்பரின் இரண்டாவது முகவரியையும் உறுப்பினராகச் சேர்த்து, அதற்கு மடல் விநியோகத்தை மட்டும் நிறுத்தினேன். இப்போது அவர் எந்த முகவரியிலிருந்து எழுதினாலும் மடல் குழுவை அடைகிறது. நகலோ ஒன்றுதான் வருகிறது. நிறுத்திவைத்த மடல்கள் ஐந்து நாளில் தாமாகவே நீங்கும்படியும் அமைத்துவிட்டேன்.