குளோசர், அவுட்ஃபீல்ட், பேட்டிங் வரிசை: பேஸ்பால் வாதத்தில் இறங்குவது எப்படி?

பேஸ்பால் பார்க்க ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருக்கும். மூன்று ஸ்டிரைக் விழுந்தால் அவுட், மூன்று அவுட் விழுந்தால் அடுத்த அணியின் முறை, மொத்தம் 9 இன்னிங்ஸ் என்பதெல்லாம் பிடிபட்டிருக்கும். ஆனால் ஆட்டம் முடிந்தபின் ரசிகர்கள் மணிக்கணக்கில் எதற்காக மல்லுக்கட்டுகிறார்கள் என்பது மட்டும் விளங்காது. "அவனை ஏன் இப்ப இறக்கினான்?", "அந்த ஆளை எடுத்துட்டு இவனைப் போட்டது தப்பு" என்று போய்க்கொண்டே இருக்கும். பெரும்பாலான சண்டை மூன்று இடங்களில்தான் நடக்கிறது: கடைசியில் பந்து வீச வரும் குளோசர், அவுட்ஃபீல்டில், அதாவது எல்லைக்கோட்டுப் பக்கம் நிற்கும் மூன்று ஃபீல்டர்கள், மேனேஜர் எழுதிக் கொடுக்கும் பேட்டிங் வரிசை. இந்த மூன்றும் புரிந்துவிட்டால் நீங்களும் தைரியமாக வாய் திறக்கலாம்.

நான் டொராண்டோவில் இருக்கிறேன், புளூ ஜேஸ் என் அணி. அதனால் 2025 உலகத் தொடரின் (கோப்பைக்கான இறுதித் தொடர்) 7-வது ஆட்டத்தையே பாடமாக எடுத்துக்கொள்கிறேன். நவம்பர் 1, ரோஜர்ஸ் சென்டர் மைதானம், எதிரே லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ். நள்ளிரவு தாண்டி 11-வது இன்னிங்ஸில் 5-4 என்று நாங்கள் தோற்ற ஆட்டம். இன்னும் வலிக்கிறது, ஆனால் இந்த மூன்று விஷயமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததற்கு அதன் 9-வது இன்னிங்ஸைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

படி 1: ஒரு தாளும் பென்சிலும் எடுங்கள்

ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு அணியின் பேட்டிங் வரிசையையும் ஒன்று முதல் ஒன்பது வரை எழுதிக்கொள்ளுங்கள். போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள், கையால் எழுதினால்தான் அடுத்து யார் வருவார் என்பது மனதில் நிற்கும்.

அப்புறம் ஃபீல்டர்களுக்கான எண்கள். பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, லெஃப்ட் ஃபீல்ட் 7, சென்டர் ஃபீல்ட் 8, ரைட் ஃபீல்ட் 9. இது சட்டையில் இருக்கும் எண் இல்லை, நிற்கும் இடத்தின் எண். இரண்டாம் பேஸ்காரர் பந்தை எடுத்து கேட்சருக்கு எறிந்து அவுட் ஆக்கினால் தாளில் 4-2 என்று எழுதுவோம். இந்த 4-2 கொஞ்சம் கழித்து வரும், நினைவில் வையுங்கள்.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்கள் கவனிக்க வேண்டிய பெரிய வித்தியாசம் இங்கே இருக்கிறது. கிரிக்கெட்டில் கேப்டன் நினைத்தால் பேட்டிங் வரிசையை நடுவில் மாற்றலாம். பேஸ்பாலில் ஆட்டத்துக்கு முன் கொடுத்த வரிசை கொடுத்ததுதான், ஒன்பதாவது ஆள் முடிந்ததும் மறுபடி முதல் ஆள். ஒருவருக்குப் பதில் இன்னொருவரை இறக்கலாம், ஆனால் இறங்கியவர் வரிசையில் அதே இடத்தில்தான் ஆட வேண்டும், வெளியே போனவர் அன்றைக்குத் திரும்பி வரவே முடியாது. பாதிச் சண்டைக்குக் காரணம் இந்த விதிதான். எந்த மாற்றத்துக்கும் பின்னால் ஒரு விலை காத்திருக்கும்.

படி 2: வரிசையை மேலிருந்து கீழாகப் படியுங்கள்

பழைய கணக்கு எல்லோருக்கும் தெரிந்தது: முதல் ஆள் வேகமாக ஓடுபவர், இரண்டாவது ஆள் அவரை அடுத்த பேஸுக்கு நகர்த்துபவர், மூன்றாவது சிறந்த பேட்டர், நான்காவது தூக்கி அடித்து எல்லோரையும் வீட்டுக்கு, அதாவது ரன் கணக்காகும் ஹோம் பிளேட்டுக்குக் கொண்டுவருபவர். இன்று பல அணிகள் இப்படி யோசிப்பதில்லை. காரணத்தை ஒரு சின்னக் கணக்கிலேயே பார்க்கலாம். ஆட்டத்தின் கடைசி பேட்டர் வரிசையில் எந்த இடத்திலும் இருக்கலாம், சீசனில் 162 ஆட்டம், அதை ஒன்பதால் வகுத்தால் 18. அதாவது வரிசையில் ஓர் இடம் கீழே போனால் ஒரு பேட்டருக்கு சீசனில் ஏறக்குறைய 18 வாய்ப்பு குறைகிறது. சிறந்த ஆளை நான்காவதில் வைத்தால் முதல் இடத்தோடு ஒப்பிட 54 வாய்ப்பு போய்விடும். அதனால்தான் ஆரோன் ஜட்ஜ் மாதிரி ராட்சத பேட்டர் இரண்டாவதாக வருகிறார். 2024-ல் மூக்கி பெட்ஸ் கை எலும்பு முறிந்து வெளியே போனபின் ஷோஹே ஓட்டானியை டாட்ஜர்ஸ் முதல் இடத்துக்கு ஏற்றியது, 54 ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே தூக்கி அடிப்பது) அடித்து முடித்தார்.

முதல் இடத்தில் யார் என்று எல்லோரும் பேசுவார்கள். ஒன்பதாவது இடத்தை யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் பாருங்கள்.

அன்றைய ஆட்டத்தில் டாட்ஜர்ஸின் ஒன்பதாவது பேட்டர் மிகுவல் ரோஹாஸ். 36 வயது, நல்ல கை, பேட்டிங்கில் பெரிய எதிர்பார்ப்பு இல்லை. 6-வது ஆட்டத்திலிருந்து மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் அணியை மாற்றியிருந்தார்: சரியாக அடிக்காத ஆன்டி பாஹேஸ் ஏற்கெனவே வெளியே உட்கார்ந்திருக்க, டாமி எட்மனை சென்டர் ஃபீல்டுக்கு அனுப்பி, இரண்டாம் பேஸில் ரோஹாஸைப் போட்டார். ஃபீல்டிங்கை நம்பிச் செய்த மாற்றம். இந்த மூன்று பெயரையும் தாளில் அடிக்கோடிடுங்கள்.

படி 3: குளோசர் வரும்போது ஸ்கோரைப் பார்க்காதீர்கள், அடுத்த மூன்று பேரைப் பாருங்கள்

குளோசர் என்பவர் முன்னிலையைக் காப்பாற்ற வருபவர். கிரிக்கெட்டில் கடைசி ஓவருக்கென்று வைத்திருக்கும் ஆள் மாதிரி. அவருக்குக் கொடுக்கும் எண்ணிக்கை 'சேவ்'. பொதுவாக மூன்று ரன் அல்லது அதற்குக் குறைவான முன்னிலையோடு வந்து, குறைந்தது ஓர் இன்னிங்ஸ் வீசி, வெற்றியோடு முடித்தால் ஒரு சேவ். ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்ற சிகாகோ பத்திரிகையாளர் யோசித்தது, 1969-ல் அதிகாரபூர்வக் கணக்கானது. யாங்கீஸின் மரியானோ ரிவேரா 652 சேவ் எடுத்திருக்கிறார், அதற்கு மேல் யாரும் இல்லை.

சிக்கல் என்னவென்றால், இந்த எண்ணிக்கை வந்தபின் மேனேஜர்கள் அதற்குத் தகுந்த மாதிரி யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். 2016-ல் பால்டிமோர் ஓரியோல்ஸின் ஸாக் பிரிட்டன் 47 சேவ் வாய்ப்பில் 47-ஐயும் முடித்தவர். அந்த அக்டோபரில் டொராண்டோவில் ஒரே ஆட்டம், தோற்றால் வீட்டுக்கு. 2-2 என்று சமமாக 11-வது இன்னிங்ஸ் வரை போனது. மேனேஜர் பக் ஷோவால்ட்டர் பிரிட்டனை இறக்கவே இல்லை, உபால்டோ ஹிமெனெஸை இறக்கினார், எட்வின் என்கர்னசியோன் மூன்று ரன் ஹோம் ரன் அடித்து முடித்துவிட்டார். வெளியூர் அணி முன்னிலை எடுத்தாலும் கடைசியில் ஒரு தடவை தடுத்து ஆட வேண்டும், அதற்கென்று குளோசரைப் பத்திரப்படுத்துவது வழக்கம்தான். ஆனால் அந்த முன்னிலை வராமலே ஆட்டம் முடிந்துவிட்டால்? நாங்கள் ஜெயித்த பக்கம் என்றாலும் சொல்கிறேன், அது தவறான முடிவு. தோற்றதால் சொல்லவில்லை. சமநிலையில், பேஸில் ஆள் இருக்கும்போது, அணியின் சிறந்த கையை உட்கார வைப்பதற்கு நாளை என்று ஒன்று இருக்க வேண்டும், அன்றைக்கு அது இல்லை.

சரி, நம் ஆட்டத்துக்கு வருவோம். 9-வது இன்னிங்ஸ், 4-3 என்று நாங்கள் முன்னிலை, பந்து வீசும் மேட்டில் எங்கள் குளோசர் ஜெஃப் ஹாஃப்மன். இன்னும் இரண்டு அவுட் எடுத்தால் கோப்பை, 1993-க்குப் பின் முதல் தடவை. பேட்டர் ரோஹாஸ். மூன்று பால், இரண்டு ஸ்டிரைக். இந்த இடத்தில் வீடியோவை நிறுத்தித் தாளைப் பாருங்கள்: ரோஹாஸுக்கு அடுத்து யார்? ஓட்டானி. ரோஹாஸுக்கு வாக் கொடுத்தால் (நான்காவது பால் விழுந்தால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம்) சமன் செய்யும் ஆள் பேஸில் இருக்க, ஓட்டானி பேட்டோடு வருவார். அதனால் ஹாஃப்மன் எப்படியாவது ஸ்டிரைக் வீசியே ஆக வேண்டும், ரோஹாஸுக்கும் அது தெரியும். ஸ்லைடர், அதாவது வளைந்து இறங்க வேண்டிய பந்து ஒன்று போதுமான அளவு இறங்காமல் வந்தது, லெஃப்ட் ஃபீல்டுக்கு மேலே போய்விட்டது. 4-4.

"ஹாஃப்மனை நம்பியது தப்பு" என்று மறுநாள் ஊரே பேசியது. ஆனால் அந்தப் பந்தில் ஹாஃப்மனின் கை பாதி என்றால், அடுத்து நின்றிருந்த ஓட்டானியின் நிழல் பாதி. குளோசரைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைப்போம், உண்மையில் வரிசையைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்போம்.

படி 4: பந்து மேலே போனால் பந்தைப் பார்க்காதீர்கள்

தொலைக்காட்சியில் இது கஷ்டம்தான், மைதானத்தில் சுலபம். பேட்டில் பட்ட சத்தம் கேட்டதும் அவுட்ஃபீல்டரின் முதல் இரண்டு அடியைப் பாருங்கள். சரியான திசையில் உடனே கிளம்புகிறாரா, தயங்குகிறாரா? நல்லவர்கள் பந்து விழும் இடத்துக்கு நேர்கோட்டில் போவார்கள், அதனால் அவர்கள் பிடிப்பது எளிதாகவே தெரியும், விழுந்து புரண்டு பிடிப்பவர்தான் கைதட்டல் வாங்குவார். இதை அளக்க இப்போது எல்லா மைதானத்திலும் ஸ்டாட்காஸ்ட் கருவிகள் இருக்கின்றன. எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று கணக்கிட்டு, அந்தப் பந்தைப் பிடிக்க எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்று சொல்லிவிடும்.

இடத்துக்கு இடம் வேலையும் வேறு. சென்டரில் நிற்பவருக்குக் கால் வேண்டும். ரைட்டில் நிற்பவருக்குக் கை வேண்டும், அங்கிருந்து மூன்றாம் பேஸுக்கு எறிவது நீண்ட தூரம்.

9-வது இன்னிங்ஸின் பின்பாதி, எங்கள் முறை. போ பிஷெட் ஒரு அவுட் ஆனபின் சிங்கிள் அடித்தார், பார்ஜருக்கு வாக், கர்க் மேல் பந்து பட்டது, மூன்று பேஸும் நிறைந்துவிட்டது. மேட்டில் யோஷினோபு யமமோட்டோ, முந்தைய நாள்தான் 96 பந்து வீசியவர். இந்த இன்னிங்ஸின் நடுவே ராபர்ட்ஸ் ஒரு மாற்றம் செய்தார்: கணுக்கால் தொந்தரவோடு ஆடிய எட்மனை எடுத்துவிட்டு, உட்கார வைத்திருந்த பாஹேஸை சென்டர் ஃபீல்டுக்கு அனுப்பினார். பாஹேஸின் கை வலுவானது, நல்ல உயரமும்கூட.

வார்ஷோ அடித்த பந்து தரையோடு இரண்டாம் பேஸ் பக்கம் போனது. ரோஹாஸ் எடுத்தார், தடுமாறினார், வீட்டுக்கு எறிந்தார். கேட்சர் வில் ஸ்மித்தின் கால் தட்டைத் தொட்டதும் எங்கள் ரன்னர் வந்து சேர்ந்ததும் கிட்டத்தட்ட ஒரே நேரம். 4-2, அவுட். நான் சொன்ன 4-2 இதுதான். அடுத்து கிளமென்ட் லெஃப்ட்-சென்டருக்கு ஆழமாகத் தூக்கினார். லெஃப்ட் ஃபீல்டில் நின்ற கீக்கே ஹெர்னாண்டஸ் பின்னால் ஓடிக்கொண்டிருக்க, பாஹேஸ் சென்டரிலிருந்து ஓடிவந்து அவர் மேலேயே மோதிப் பந்தைப் பிடித்தார். அங்கே எட்மன் நின்றிருந்தால் பிடித்திருப்பாரா என்பதுதான் இன்றுவரை ஓயாத விவாதம். பாஹேஸ் பேட்டிங்கில் தேறாதவர் என்று உட்கார வைத்தது சரி, அந்த ஓர் ஓட்டத்துக்காகக் கடைசியில் எழுப்பியதும் சரி. இரண்டு முடிவும் ஒரே மேனேஜருடையது, ஒன்று இன்னொன்றை ரத்து செய்யவில்லை.

படி 5: மாற்றத்தின் விலையை இரண்டு இன்னிங்ஸ் தள்ளிப் பாருங்கள்

வீட்டில் அவுட் ஆன அந்த ரன்னர் யார்? பிஷெட் இல்லை. முழங்கால் காயத்தால் செப்டம்பரிலிருந்து ஆடாமல் உலகத் தொடருக்குத்தான் திரும்பியிருந்தார் பிஷெட், ஓட முடியாது. அதனால் அவருக்குப் பதில் ஓட இறங்கியவர் ஐசையா கைனர்-ஃபலேஃபா. இதே ஆட்டத்தில் டாட்ஜர்ஸுக்காகப் பந்தும் வீசிய ஓட்டானியின் பந்தில் மூன்று ரன் ஹோம் ரன் அடித்த பிஷெட் அத்தோடு வெளியே.

இப்போது 11-வது இன்னிங்ஸ். வில் ஸ்மித் ஹோம் ரன் அடித்து 5-4 ஆகிவிட்டது. எங்கள் பக்கம் முதல் ஆளாக குரேரோ டபுள் அடித்தார், மைதானமே எழுந்து நின்றது. அடுத்த இடம் பிஷெட்டுடையது. அங்கே நின்றவர் கைனர்-ஃபலேஃபா, அவர் பந்தை மெல்லத் தட்டிவிட்டு குரேரோவை மூன்றாம் பேஸுக்கு நகர்த்தினார், ஒரு அவுட் கையைவிட்டுப் போனது. பார்ஜருக்கு வாக். கர்க் அடித்த பந்தை பெட்ஸ் எடுத்து, இரண்டாம் பேஸை மிதித்து, முதல் பேஸுக்கு எறிந்தார். என் தாளின் கடைசிக் கட்டத்தில் 6-3 என்று எழுதி, இரண்டு அவுட் என்று வட்டம் போட்டேன்.

பிஷெட்டை எடுத்தது தப்பா? என் கருத்து, தப்பில்லை. 9-வதில் ஒரு ரன் வந்தால் ஆட்டம் முடிந்தது, நொண்டிக்கொண்டு ஓடுபவரால் அந்த ரன் வராது. எனக்கு உறுத்துவது மூன்றாம் பேஸில் ரன்னர் எடுத்த இடைவெளி. ஆனால் முந்தைய இரவு ஆட்டம் முடிந்ததே இரண்டாம் பேஸில் எங்கள் ரன்னர் ஓடித் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டதால்தான், அதனால் பேஸை ஒட்டியே நிற்கச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பயத்தையும் நான் மறுக்க முடியாது. என் நண்பர் ஒருவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, "11-வதில் பிஷெட் நின்றிருந்தால்" என்றுதான் ஆரம்பிப்பார்.

படி 6: நீங்களே ஒன்றைச் செய்து பாருங்கள்

2024 உலகத் தொடரின் முதல் ஆட்டம், டாட்ஜர் ஸ்டேடியம். 10-வது இன்னிங்ஸ், யாங்கீஸ் 3-2 முன்னிலை, ஒரு அவுட், இரண்டு பேர் பேஸில், ஓட்டானி பேட்டிங். மேனேஜர் ஆரோன் பூனிடம் இரண்டு இடது கை பிட்சர்கள்: தொடர்ந்து வீசிக்கொண்டிருந்த டிம் ஹில், காயத்தால் செப்டம்பர் 18-க்குப் பின் வீசாத நெஸ்டர் கோர்டெஸ். பூன் கோர்டெஸை அழைத்தார். ஓட்டானி தூக்கிய பந்தை லெஃப்ட் ஃபீல்டர் வெர்டுகோ பிடித்து ரசிகர்கள் பக்கம் விழுந்தார், அப்படி விழுந்ததால் விதிப்படி இரண்டு ரன்னர்களும் ஒரு பேஸ் முன்னே போனார்கள். முதல் பேஸ் காலியாக இருந்ததால் பெட்ஸுக்கு வேண்டுமென்றே வாக். அடுத்து ஃப்ரெடி ஃப்ரீமன், முதல் பந்திலேயே கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸும் நிறைந்திருக்கும்போது அடிக்கும் ஹோம் ரன், நான்கு ரன்), 6-3.

பிட்சர் தேர்வு, வெர்டுகோ பிடித்தது, பெட்ஸைத் தாண்டி ஃப்ரீமனிடம் போனது என்று மூன்று முடிவுகள். ஒவ்வொன்றுக்கும் அந்த நொடியில் என்ன தெரிந்திருந்தது, வேறு என்ன வழி இருந்தது என்று மட்டும் இரண்டு வரி எழுதுங்கள். ஃப்ரீமன் அடித்ததை எழுதவே கூடாது. எழுதி முடித்தபின் வீடியோவைப் போடுங்கள்.